ஐ.பி.ஏ. வந்த பிறகு

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் ரேஸ்கோர்ஸ் ரோடு பாஸ்போர்ட் ஆபீஸுக்கு வரும்போது, பக்கத்தில் கே.கே. நகரில் இருக்கும் என்னையும் பார்த்துவிட்டுப் போவார்கள். சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய், சூப்பர்வைசராகித் திரும்பியவர் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். “ஐ.பி.ஏ. வந்திருச்சு பெரியப்பா” என்று போனை நீட்டுவார்கள். டிக்கெட் எப்போது, மதுரையிலிருந்தா திருச்சியிலிருந்தா என்பதுதான் பேச்சாக இருக்கும். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஏஜெண்டுக்கு மிச்சப் பணத்தைக் கட்டிவிட்டாயா, இன்னும் இல்லையா?

ஐ.பி.ஏ. என்ற அந்த ஒப்புதல் கடிதம் வந்த நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் இருக்கும் சில வாரங்களில்தான் உன்னால் கேள்வி கேட்க முடியும், சரிப்படவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லவும் முடியும். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு அங்கே போய் இறங்கியவனுக்குக் கேட்க வாய் வராது. அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்டைப் பற்றியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் போவது அங்கேதான், எனக்கு நன்றாகத் தெரிந்ததும் அதுதான்.

1. கடிதத்தைத் தமிழில் வாங்கி, முழுவதும் படி. உன் முதலாளி கொடுத்த விண்ணப்பத்தைச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு, அதாவது மோம், ஏற்றுக்கொண்டதும் வருவது இந்த ஐ.பி.ஏ. நீ ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே உன் தாய்மொழியில் இதன் நகலை உனக்கு அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு “எல்லாம் சரியா இருக்கு தம்பி” என்று ஏஜெண்ட் சொன்னால் விட்டுவிடாதே. எல்லாப் பக்கமும் தமிழில் வேண்டும் என்று கேள்.

வந்ததும் ஐந்து விஷயங்களைப் பார். கம்பெனியின் பெயர், என்ன வேலை, அடிப்படைச் சம்பளம், மாதாமாதம் தரும் நிலையான படி, சம்பளத்தில் பிடிக்கும் தொகை. ஏஜெண்ட் வாயால் சொன்னது எதுவும் அங்கே செல்லாது. “கையில் ஆயிரம் வெள்ளி நிற்கும்” என்று அவர் சொல்லியிருப்பார். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். கடிதத்தில் அடிப்படை 468 வெள்ளி என்று இருந்தால் உன் அடிப்படைச் சம்பளம் 468 வெள்ளிதான். அதே சமயம், அந்தக் கடிதத்தில் எழுதிய சம்பளத்தை முதலாளி தன் விருப்பத்துக்குக் குறைக்கவும் முடியாது. நீ எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும், மோமுக்கும் அவர் தெரிவிக்க வேண்டும். பின்னால் ஒரு வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படும் தாள் இதுதான். போனில் ஒன்று, மெயிலில் ஒன்று, வீட்டில் பிரிண்ட் எடுத்து ஒன்று என்று வைத்துக்கொள்.

2. கடிதம் உண்மைதானா என்று நீயே பார்த்துக்கொள். மோமின் இணையதளத்தில் பாஸ்போர்ட் விவரத்தைக் கொடுத்தால் உன் பெயரில் விண்ணப்பம் இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். காசு கிடையாது. தள முகவரி gov.sg என்று முடிகிறதா என்று பார்க்க, கல்லூரி படிக்கும் தங்கையோ தம்பியோ போதும். போலி ஐ.பி.ஏ. தயாரிக்கக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் போதும் என்பதை மறந்துவிடாதே.

இதில் நம் நாட்டுப் பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போவதென்றால், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வாங்க வேண்டும். அப்படி 18 நாடுகள் பட்டியலில் இருக்கின்றன. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, உன் கடிதத்தை இந்தியாவில் எந்த அதிகாரியும் பார்த்துச் சரி சொல்லப்போவதில்லை. பார்க்க வேண்டியவன் நீ ஒருவன்தான். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978இலிருந்து ஆள் அனுப்புகிறது. பதிவு செய்து வைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

3. “டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்பவரிடம் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். கடிதம் ஒரு நாட்டுக்கு, டிக்கெட் இன்னொரு நாட்டுக்கு என்றாலும் அப்படித்தான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ்ப் பிள்ளைகளை 2022இல் மீட்டுக் கொண்டுவந்தார்கள். படித்த பிள்ளைகள் அவர்கள்.

4. ஐ.பி.ஏ. என்பது பெர்மிட் இல்லை. சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி, அவ்வளவே. அங்கே போய், மருத்துவச் சோதனையில் தேறி, அதன் பிறகு பெர்மிட் போட்டால்தான் வேலையைத் தொடங்கலாம். கடிதத்துக்கு முடிவுத் தேதி உண்டு. அதற்குள் நுழைய வேண்டும். கையில் கடிதம் இருக்கிறதே என்று இங்கே பார்க்கிற வேலையை அன்றைக்கே விட்டுவிடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் உறுதியாகும் வரை விடாதே.

5. கணக்குப் போடு. இதை நான் யாரையும் போடாமல் அனுப்புவதில்லை. நோட்டை எடுத்து என் முன்னாலேயே போடச் சொல்வேன்.

உதாரணத்துக்கு நாள் சம்பளம் 18 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தொழில்திறன் டெஸ்ட் அடித்துவிட்டுப் புதிதாகக் கட்டட வேலைக்குப் போகிற பிள்ளைகள் பலருக்கு இந்தச் சம்பளத்தைப் பார்த்திருக்கிறேன். மாதம் 26 நாளுக்கு 468 வெள்ளி. ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, ஒன்றரை மடங்கு என்பது சட்டம். மணிக்கு எவ்வளவு வரும்? மாதச் சம்பளத்தை 12 ஆல் பெருக்கி, 52ஐ 44 ஆல் பெருக்கிய 2,288 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். 468 வெள்ளிக்கு அது ஏறக்குறைய 2 வெள்ளி 45 காசு. அதன் ஒன்றரை மடங்கு 3 வெள்ளி 68 காசு. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக ஓ.டி. பார்க்கக்கூடாது. அந்த 72 மணியையும் முழுதாகப் பார்த்தால் 265 வெள்ளி. மொத்தம் 733 வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 47,600 ரூபாய்ச் சொச்சம்.

சாப்பாடு, போன், சோப்பு, செருப்பு, ஞாயிற்றுக்கிழமை பஸ் என்று அதில் கழித்துக்கொள். வேலை குறைந்த மாதத்தில் ஓ.டி. இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள். மிச்சத்தில் உன் கடனுக்கு வட்டி எவ்வளவு, அசலை எத்தனை மாதத்தில் அடைப்பாய்? பெர்மிட் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குத்தான். இரண்டு வருடத்தில் கடனே அடையாது என்று கணக்குச் சொன்னால், அந்த வேலை உனக்கு வேண்டாம். கணக்கைப் பார்த்துவிட்டுப் போகாமல் நின்ற பிள்ளைகள் உண்டு. ஒருவன் இப்போது ஒத்தக்கடையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். நன்றாக இருக்கிறான்.

6. யார் எதைக் கட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசு. மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை காட்ட வேண்டும். மாதாமாதம் அரசுக்கு லெவி கட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடு வாங்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அந்தக் காப்பீடு வருடத்துக்கு 60,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது. இவை எல்லாம் முதலாளியின் செலவு. “லெவி ஏறிவிட்டது, அதனால் உன் சம்பளத்தில் பிடிக்கிறோம்” என்பது சட்டத்துக்குப் புறம்பு.

சிங்கப்பூர் ஏஜென்சி உன்னிடம் வாங்கக்கூடியது, ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். 468 வெள்ளி சம்பளக்காரனிடம் 936 வெள்ளிக்கு மேல் வாங்க முடியாது. வேலை கொடுப்பதற்காகவோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்காகவோ முதலாளியே உன்னிடம் காசு வாங்கினால் அது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு வருடம் வரை சிறையும் அதற்கு உண்டு.

அப்படியானால் நம் ஊரில் லட்சக்கணக்கில் வாங்குவது என்ன கணக்கு என்று கேட்பாய். பெரும்பகுதி கணக்கில் வராத பணம்தான். ஊர் ஊராக சப்-ஏஜெண்டுகள், அவர்களுக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே அங்கே ஒருவர். எனக்கு இதில் அடங்காத கோபம் உண்டு. ஒரு குடும்பத்தின் நகை முழுவதும் இந்த ஏணியில் ஏறிப் போவதைப் பலமுறை பார்த்தவன் நான். நீ செய்யக்கூடியது இது: ரொக்கமாகக் கொடுக்காதே, பேங்க் கணக்கு வழியாக அனுப்பு. வாங்குபவர் பெயர், தேதி, தொகை, எதற்காக என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. “ரசீது கேட்டால் வேலை போய்விடும்” என்று மிரட்டுபவரிடம் போகிற வேலை எப்படிப்பட்டது என்று யோசி.

7. வட்டி. நகையைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வை. மீட்டர் வட்டிக்குப் போகாதே. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனாலும் நீ சிங்கப்பூரில் இருக்கும்போது வீட்டு வாசலில் வந்து நிற்பவனிடம் உன் அம்மா சட்டம் பேச முடியாது.

8. பணம் கட்டும் முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார். போய் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் அங்கே மருத்துவச் சோதனை. காசநோய், எச்.ஐ.வி., மேகநோய், மலேரியா எல்லாம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் பெர்மிட் இல்லை. திரும்பி வர வேண்டியதுதான், கடன் மட்டும் அப்படியே இருக்கும். சின்ன வயதில் வந்த காசநோய்த் தழும்புகூட எக்ஸ்ரேயில் தெரியும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஏதாவது இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாக மருந்து தருகிறார்கள். குணமாக்கிக்கொண்டு அடுத்த முறை போ.

9. எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதே. இங்கேயும் சரி, அங்கே போய் இறங்கிய பிறகும் சரி. போனதும் “கம்பெனி ஃபார்மாலிட்டி” என்று ஒரு கட்டுத் தாளை நீட்டுவார்கள். சம்பளத்தைக் குறைக்கச் சம்மதம், வேலையை நானே விடுகிறேன், கம்பெனி எனக்கு எதுவும் பாக்கியில்லை என்றெல்லாம் அதில் ஒளிந்திருக்கலாம். புரியாத தாள் என்றால் “தமிழில் சொல்லுங்கள், நாளைக்குப் போடுகிறேன்” என்று சொல். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. தமிழ் கேட்பது உனக்கு வெட்கமில்லை. போட்டே ஆக வேண்டும் என்று நெருக்கினால், போடுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்.

10. பயணம். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை நுழைவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. மெல்லும் புகையிலை, ஹான்ஸ், இ-சிகரெட் எதுவும் பையில் இருக்கக்கூடாது. அடுத்தவர் கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே வாங்காதே, கொடுப்பவர் சொந்த மாமாவாக இருந்தாலும். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தியவருக்கு அந்த நாட்டில் தூக்குத் தண்டனை.

11. போய் இறங்கியதும் பாஸ்போர்ட் உன் கையில் இருக்க வேண்டும். “பத்திரமாக வைத்திருக்கிறோம்” என்று கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பெர்மிட்டும் உன்னுடையது. வெளியில் போகும்போது எப்போதும் கையில் இருக்க வேண்டும். கட்டட வேலைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பு உண்டு. செலவு முதலாளியுடையது. அன்று தூங்காமல் கேள். சம்பளம், விபத்து, புகார் என்று இங்கே நான் எழுதுவதில் பாதியைத் தமிழிலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

12. டைரி எழுது. இத்தனையிலும் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்.

ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் படுக்கும் முன் தேதி, எந்த சைட், எத்தனை மணிக்கு ஆரம்பித்தாய், எத்தனை மணிக்கு முடித்தாய், சூப்பர்வைசர் யார் என்று எழுது. டைம்கார்டு இருந்தால் மாதக் கடைசியில் போட்டோ எடு. சம்பளம் வந்த தேதியையும் தொகையையும் எழுது. 2016 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு முதலாளியும் விவரமான சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது சட்டம்: அடிப்படை எவ்வளவு, ஓ.டி. எத்தனை மணி, படி என்ன, பிடித்தம் என்ன. சம்பளம் மாதம் முடிந்த 7 நாளுக்குள், ஓ.டி. காசு 14 நாளுக்குள் வர வேண்டும். பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. தங்குமிடத்துக்கு மட்டும் என்றால் கால் பங்குக்கு மேல் கூடாது.

ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, ஐந்து மாதமாக ஓ.டி. காசு சரியாக வராத சிலர் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். அவர்களில் புதுக்கோட்டைப் பையன் ஒருவன் மட்டும் நோட்டில் எழுதி வந்திருந்தான். கோணல் எழுத்து, பல இடத்தில் வியர்வை பட்டு மை பரவியிருந்தது. அவனுக்கு மணிக்கணக்குப்படி பாக்கி வந்தது. மற்றவர்கள் ஞாபகத்தில் சொன்னதைக் கம்பெனியின் கணக்கு மறுத்தது. அவர்களுக்குக் கிடைத்தது குறைவு. அன்றிலிருந்து என் கீழே வேலை பார்த்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நானே நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.

சம்பளம் வரவில்லை என்றால் தள்ளிப்போடாதே. “அடுத்த மாசம் சேர்த்துத் தர்றோம்” என்பதை ஒரு தடவை கேட்கலாம். இரண்டாவது மாதமும் அதையே சொன்னால் டி.ஏ.டி.எம். என்ற முத்தரப்புக் கூட்டணி அமைப்பிடம் போ. 2017இலிருந்து சம்பளத் தகராறுகளை அங்கேதான் எடுக்கிறார்கள். முதலில் சமரசம், அது நடக்காவிட்டால் தீர்ப்பாயம். வேலையில் இருக்கும்போது என்றால் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டாய் என்றால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. அங்கே உள்ள தொழிற்சங்கமும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் தொடங்கியது. 24 மணி நேரத் தொலைபேசி 6536 2692. தமிழில் பேசலாம்.

13. அடிபட்டால் அன்றைக்கே டாக்டரைப் பார். “வேலை செய்யும்போது, இந்த இடத்தில், இப்படி அடிபட்டது” என்று டாக்டரிடம் உன் வாயாலேயே சொல். அதை எழுதச் சொல். ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி யாராவது உன்னிடம் கேட்டால், சம்மதிக்காதே. அந்த ஒரு வரியில் உன் இழப்பீடு போய்விடும். சிங்கப்பூரில் வேலையிடத்தில் இறந்தவர்கள் 2022இல் 46 பேர், 2023இல் 36 பேர், 2024இல் 43 பேர். கட்டட வேலையில்தான் அதிகம். லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து போவதும் இன்னும் மாறவில்லை. ஹார்னஸ் மாட்டாமல் மேலே ஏறச் சொன்னால் ஏறாதே. இறந்த பிள்ளையின் பெட்டியை மதுரை விமான நிலையத்தில் வாங்கிய அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம், ‘விக்கா’, யார் தவறு என்று பார்ப்பதில்லை. வேலையில் அடிபட்டதா என்றுதான் பார்க்கும். மருத்துவச் செலவு முதலாளியுடையது. டாக்டர் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, கொடுத்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு: வெளிநோயாளி விடுப்பில் 14 நாள் வரை, ஆஸ்பத்திரி விடுப்பில் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குப் பிறகு ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் நீ கோர வேண்டும். கம்பெனி உன் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டாலும் கோரிக்கை சாகாது. வழக்கு முடியும் வரை ஸ்பெஷல் பாஸில் அங்கேயே இருக்கலாம். அந்தக் காலம் கொடுமையானது. வேலை பார்க்க முடியாது, கையில் காசு இருக்காது, ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு, இப்படி நிற்கும் பிள்ளைகளுக்கு 2008இலிருந்து இலவசமாகச் சாப்பாடு போட்டு, வழக்குக்கும் வழி சொல்கிறது. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் சம்பளம் வாங்காமல் வந்து உதவுகிறார்கள். அவர்களிடம் போகக் கூச்சப்படாதே.

14. காய்ச்சல், வயிற்றுவலி என்றாலும் மறைக்காதே. 2020இல் கொரோனா டார்மிட்டரிகளில் பரவியபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். அதன் பிறகுதான் 2022 ஏப்ரலிலிருந்து அடிப்படை மருத்துவத் திட்டம் கட்டாயமானது. அதில் கட்டணத்தை முதலாளி முன்கூட்டியே கட்டியிருப்பார். நீ டாக்டரை நேரில் பார்க்க 5 வெள்ளி, வீடியோவில் பார்க்க 2 வெள்ளி. இது தெரியாமல் பனடால் மட்டும் விழுங்கிக்கொண்டு கிடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

15. பெர்மிட்டில் எழுதிய முதலாளியிடம், எழுதிய வேலையை மட்டும் பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையில் நாலு மணி நேரம் தட்டுக் கழுவினாலும் அது சட்டவிரோத வேலை. பெர்மிட் போகும், மறுபடி வர முடியாமல் தடையும் விழும். போலிச் சான்றிதழ் கொடுத்து எஸ் பாஸ் என்ற இன்னொரு வகை வேலை அனுமதி வாங்கியவர்களுக்கும் அப்படித்தான்.

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் நேரத்தைப் பார்த்துக்கொள். 2013 டிசம்பர் 8 இரவு அங்கே ரேஸ்கோர்ஸ் ரோட்டில் பஸ் ஏறி நம் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் இறந்து, கலவரமாகி, 57 பேரைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் பலருக்குக் கடன் அப்படியே இருந்தது. அதைத் தொடர்ந்து 2015இல் மதுச் சட்டம் வந்தது. இரவு 10:30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை முழுவதும் கூடாது.

16. உண்டியலில், அதாவது ஹவாலாவில், பணம் அனுப்பாதே. பத்து ரூபாய் கூடக் கிடைக்கும், சிக்கினால் உன் வீட்டுக் கணக்கும் முடங்கும். வெளிநாட்டில் வேலைக்குப் போனவன் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக்கூடாது. அதை என்.ஆர்.ஓ. ஆக மாற்றிவிட்டு, சம்பாதிப்பதை அனுப்ப என்.ஆர்.ஈ. கணக்கு ஒன்று தொடங்கு. அதற்கு வரும் வட்டிக்கு வருமான வரி இல்லை. 2023 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூர் பேநவ்விலிருந்து நம் யு.பி.ஐ.க்கும் நேராக அனுப்ப முடிகிறது. எவ்வளவு அனுப்பினாலும் முதல் வருடம் வீட்டு விசேஷத்துக்கு என்று ஒரு காசும் செலவாகக்கூடாது என்று வீட்டில் பேசிவிட்டுப் போ. காதுகுத்து அடுத்த வருடம் வைக்கலாம்.

17. கம்பெனி சரியில்லை என்றால் ஓடிவிடாதே, முடிவுத் தேதியைப் பார். கட்டட வேலையில் பெர்மிட் முடிய 40 நாளுக்கும் 21 நாளுக்கும் இடையில், பழைய முதலாளி சம்மதம் இல்லாமலேயே வேறு முதலாளி உனக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காக யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. மொத்தம் இத்தனை வருடம்தான் வேலை பார்க்கலாம் என்ற பழைய வரம்பும் 2025 ஜூலை 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது 63 வயது வரை இருக்கலாம். ஆகவே வேலை கற்றுக்கொள். டெஸ்ட்டுகளை எழுதி மேலே போ. நல்ல தொழிலாளியை இழக்கக் கம்பெனிகளுக்கு மனம் வராது.

18. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று வந்தால் மனம் உடையாதே. கம்பெனியின் ஆள் ஒதுக்கீடு தீர்ந்திருக்கலாம், விவரம் எதிலாவது தப்பிருக்கலாம். மேல்முறையீடு செய்ய முடிந்தவர் முதலாளியோ அவருடைய ஏஜென்சியோதான். நீ செய்ய முடியாது. “அப்பீல் போட இன்னும் ஐம்பதாயிரம்” என்று கேட்டால் கொடுக்காதே. கொடுத்த பணத்தையும், பாஸ்போர்ட்டையும், அசல் சான்றிதழ்களையும் உடனே திருப்பிக் கேள். “அடுத்த கம்பெனியில் போடுகிறேன்” என்று மாதக்கணக்கில் இழுத்தால் மாநகரப் போலீஸின் மத்தியக் குற்றப்பிரிவிலோ, கிராமம் என்றால் மாவட்டக் குற்றப்பிரிவிலோ எழுதிக் கொடு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடு. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் புகார் வாங்கும். ரசீது வைத்திருக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

19. வீட்டில் ஒரு ஃபைல் விட்டுப் போ. பாஸ்போர்ட் நகல், ஐ.பி.ஏ., கம்பெனியின் முழுப் பெயரும் முகவரியும், டார்மிட்டரி முகவரி, கூட வேலை பார்க்கும் இரண்டு பேரின் போன் நம்பர், ஏஜெண்டுக்குக் கட்டிய ரசீதுகள், பேங்க் விவரம், மோம் நம்பர் 6438 5122. அயலகத் தமிழர் நலவாரியத்தில் பதிவு செய்த அட்டையின் நகலும் அதில் இருக்கட்டும். பெர்மிட் கைக்கு வந்ததும் அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி அதிலேயே சேர்க்கச் சொல். பிள்ளையிடமிருந்து பத்து நாளாகப் போன் இல்லை என்று என்னிடம் வரும் அம்மாக்களிடம் கம்பெனி பெயர் கேட்டால், பாதிப் பேருக்கு “சிங்கப்பூர் கம்பெனி” என்பதற்கு மேல் தெரியவில்லை. கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியே எழுத முடிவதில்லை. ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது உன் மனைவிக்கும் தெரிய வேண்டும், உன் அப்பாவுக்கும் தெரிய வேண்டும்.